நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் அறை: தகுதி விதிகளும் அவற்றின் அடிப்படையும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தான், சிம்மோர், சுங்கை சிப்புட் முதலிய ஊர்களில், தம் மகளோ மகனோ ஈப்போவில் 'சேம்பரிங்' செய்வதாகப் பெற்றோர் பெருமையுடன் கூறுவதுண்டு. இங்கு அச்சொல் ஒரு பயிற்சிக் காலத்தைச் சுட்டுகிறது. சென்னை வழக்கறிஞர் 'சேம்பருக்கு வாருங்கள்' என்று கட்சிக்காரரிடம் சொன்னால் அது தம் அலுவலக அறையைச் சுட்டும். ஒரே சொல் இரு நாடுகளில் இருவேறு பொருள் தருவதற்கு, அந்நாடுகளின் வழக்கறிஞர் தொழில் அமைந்துள்ள முறையே காரணம். இந்தியாவில் நீதிமன்ற வளாகத்திற்குள்ளேயே வழக்கறிஞர்களுக்கு அறைகள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கெனத் தகுதி விதிகளும் உள்ளன. அவ்விதிகள் எந்த அடிப்படையில் அமைந்தவை என்பதையும், அறை ஒதுக்கீடே இல்லாத மலேசியச் சூழலுக்கு அவை உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் மரபும்

'சேம்பர்' என்னும் வழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. இலண்டனில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் நான்கு சட்டக் கழகங்களைச் சுற்றிப் பாரிஸ்டர்கள் அறைகளைப் பகிர்ந்துகொண்டு தொழில் செய்தனர். இளையோர் மூத்தவரின் அறையிலிருந்து தொழில் பழகினர். இம்மரபு குடியேற்ற நாடுகளுக்குச் சென்றபோது இரண்டாகப் பிரிந்தது. இந்தியாவில் அறை என்னும் இடப்பொருள் நிலைத்தது. மலேசியாவில் அவ்வறையில் பெறும் பயிற்சி என்னும் பொருள் மேலோங்கியது.

இந்தியாவில் அறை ஒதுக்கீடு

சென்னை உயர்நீதிமன்றத்தின் இன்றைய கட்டடம் 1892-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் எதிரேயுள்ள தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு ஆகியவை வழக்கறிஞர் அலுவலகங்கள் செறிந்த பகுதிகளாகும். நீதிமன்றத்துக்கு அருகில் இருப்பது வசதி மட்டுமன்று, தொழிலுக்கு இன்றியமையாததுமாகும். ஒரே நாளில் பல மன்றங்களில் வழக்குகள் அழைக்கப்படும்; கட்டுகளை வைக்க இடம் வேண்டும்; வெளியூரிலிருந்து வரும் கட்சிக்காரரை அமர வைத்துப் பேச வேண்டும். வளாகத்துக்குள் அறை உடையவருக்கு இவையெல்லாம் எளிதாகின்றன. வெளியில் வாடகைக்கு இடம் பிடிக்கப் பொருளில்லாத இளம் வழக்கறிஞருக்கு இவ்வறையின் தேவை இன்னும் மிகுதி.

அறைகள் குறைவு, வேண்டுவோர் பலர். எனவே விதிகள் தோன்றின. நீதிமன்றத்திற்கு நீதிமன்றம் அவை வேறுபடினும் சில கூறுகள் பொதுவானவை. விண்ணப்பிப்பவர் அந்நீதிமன்றத்தில் முறையாகத் தொழில் புரிபவராக இருத்தல் வேண்டும். விண்ணப்பங்கள் முன்னுரிமைப் பட்டியலில் வரிசைப்படுத்தப்படும். ஒதுக்கீடு பெற்றவர் வாடகைக் குடியிருப்பாளர் ஆகார். கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் அனுமதி பெற்றவர் மட்டுமே. அறையை அவர் பிறருக்கு விற்கவோ உள்வாடகைக்கு விடவோ இயலாது.

புதுதில்லி உச்ச நீதிமன்றத்தில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. அங்கு வழக்கைத் தாக்கல் செய்யும் உரிமை 'அட்வகேட் ஆன் ரிக்கார்டு' எனப்படும் பதிவுநிலை வழக்கறிஞருக்கே உரியது. உச்ச நீதிமன்ற விதிகள், 2013-இன்படி இத்தகுதியை நாடுபவர் பயிற்சியும் தேர்வும் முடித்திருத்தல் வேண்டும். நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தில்லியில் அலுவலகம் வைத்திருத்தல் வேண்டும். பதிவு பெற்ற எழுத்தர் ஒருவரை ஒரு மாதத்திற்குள் அமர்த்திக்கொள்வதாகவும் உறுதியளிக்க வேண்டும். அலுவலகம் இருத்தலே தொழில் தகுதியின் ஒரு பகுதியாகிவிடுவதால், இத்தகையோர்க்கும் மூத்த வழக்கறிஞர்க்கும் ஏனையோர்க்கும் இடையே அறைகளைப் பங்கிடும் முறை வழக்குக்கு உள்ளானது வியப்பன்று.

1998-இல் வினய் பாலச்சந்திர ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது குறித்துத் தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. நீதிமன்ற வளாகத்தில் அறை பெறுவது வழக்கறிஞரின் அடிப்படை உரிமையுமன்று, சட்டம் வழங்கிய உரிமையுமன்று; நீதிமன்றம் செய்து தரும் வசதியே என்பது அதன் சாரம். 2018-இல் கோபால் ஜா வழக்கிலும் இக்கருத்தே வலியுறுத்தப்பட்டது. 2023 மார்ச்சு மாதத்தில், உச்ச நீதிமன்றத்துக்கு ஒதுக்கப்பட்ட 1.33 ஏக்கர் நிலம் முழுவதையும் வழக்கறிஞர் அறைகளுக்கு அளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது, அதனைத் தீர்ப்பின்வழி ஆணையிட நீதிமன்றம் இசையவில்லை; நிர்வாக நிலையில் ஆராய வேண்டியது என விட்டது.

வசதி என்பதால் அதனை விரும்பியவாறு வழங்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. பொதுச் சொத்திலிருந்து வழங்கப்படும் வசதியும் இந்திய அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு கூறும் சமத்துவத்துக்கு உட்பட்டதே. அறை வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒருவருக்கு இல்லாமற் போகலாம். தம் விண்ணப்பம் நேர்மையான விதியின்கீழ் ஆராயப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. தகுதி விதிகளின் அடிப்படை இதுவேயாகும்.

மலேசியச் சூழல்

மலேசியத் தீபகற்பத்தில் வழக்கறிஞர் தொழிலை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டம் ஆள்கிறது. இங்கு வழக்காடுபவர், ஆவணம் தயாரிப்பவர் என்னும் பிரிவினை இல்லை. வழக்கறிஞர் தம் அலுவலகத்தை நகரில் தாமே அமைத்துக்கொள்கிறார். ஈப்போவில் அவ்வாறு தொழில் புரிந்தவர்களே டி. ஆர். சீனிவாசகமும் எஸ். பி. சீனிவாசகமும், சட்டத்தோடு அரசியலிலும் அச்சகோதரர்கள் பேராக்கில் பெயர் பெற்றவர்கள்.

ஆயினும் இங்கும் ஓர் அறைக்குள் நுழையாமல் வழக்கறிஞராக முடியாது. சட்டக் கல்வித் தகுதி பெற்றவர் ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். பயிற்சியளிப்பவர் அதற்கு முன் தொடர்ந்து ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொழில் புரிந்தவராக இருத்தல் வேண்டும். பயிற்சிக் காலத்தில் வேறு வேலை பார்க்கச் சட்டம் இடந்தரவில்லை. பயிற்றுநர் தரும் ஊதியத்தைப் பெறலாம். அவ்வூதியம் இவ்வளவு எனச் சட்டம் தொகை குறிக்கவில்லை.

இங்கேதான் ஒப்பீடு பயன் தருகிறது. இந்திய அறை ஒதுக்கீட்டில் குறைகள் உண்டு, காத்திருப்பும் நீண்டது. ஆனால் பட்டியல் ஒன்று உள்ளது. தம் இடம் எது, தம்மை முந்தியவர் எத்தகுதியால் முந்தினார் என ஒருவர் கேட்கலாம். மறுக்கப்பட்டால் வழக்கும் தொடுக்கலாம். மலேசியச் சட்டமோ பயிற்றுநருக்கும் பயிற்சி பெறுபவருக்கும் தகுதி வகுக்கிறது. இன்னாருக்கு இன்னார் இடமளிக்க வேண்டும் என்று வகுக்கவில்லை. பயிற்சியிடத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் வழக்கறிஞர் இருப்பவருக்கு இத்தேடல் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியலாம். ரப்பர்த் தோட்டத்திலிருந்து பெயர்ந்து தஞ்சோங் ரம்புத்தானில் குடியமர்ந்த குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அத்தகைய அறிமுகம் வாய்ப்பது அரிது. ஒன்பது மாதம் பிற வருவாயின்றி இருக்க வேண்டிய நிலை அச்சுமையை இரட்டிப்பாக்குகிறது. வெளிப்படையான வரிசை இல்லாத இடத்தில் அறிமுகமே வரிசையாகிவிடுகிறது.

முடிவுரை

வழக்கறிஞர் அலுவலகம் தனியார் இடம். இன்னாரைச் சேர்த்துக்கொள் என்று அதனைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் பயிற்சியிடங்களையும் அவற்றுக்குரிய ஊதியத்தையும் வெளிப்படையாக அறிவித்தல், பேராக்கில் தொழில் புரியும் மூத்த தமிழ் வழக்கறிஞர்கள் அறிமுகமற்ற பட்டதாரிகளின் விண்ணப்பங்களையும் கருதுதல், இந்திய அமைப்புகள் அவ்வொன்பது மாதங்களுக்கு உதவித்தொகை வழங்குதல் ஆகியவை இயலாதன அல்ல. பட்டப்படிப்புக்கு உதவும் நம் சமூகம், பட்டத்திற்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள இவ்வொன்பது மாத இடைவெளியையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். அறை யாருடையதாயினும், அதன் கதவு எத்தகுதியால் திறக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்திருத்தலே நீதிக்கு அழகு.