ஆடும் புலியும் குதிரையும்

மகர்பட்டாவில் நாங்கள் நால்வர் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம். மதுரைக்காரர் ஒருவர், வங்காளி ஒருவர், நேபாளத்தார் ஒருவர், நான். உழவர் குடும்பங்களே தம் வயல்களை ஒன்று சேர்த்து எழுப்பிய நகர் இது. எங்கள் வீட்டுத் தரையோ பளபளக்கும் ஓடு. சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்றஞ்சிப் பழைய செய்தித்தாளில் ஆடுபுலிக் கட்டம் வரைந்தோம். எட்டிப் பார்த்த வங்காள நண்பர், "இது சிறுபிள்ளை விளையாட்டு. சதுரங்கத்தோடு இதை ஒப்பிடலாமா?" என்றார். எனக்குச் சினம் வந்தது. அறிவியல் மாணவனுக்குச் சினம் வந்தால் என் செய்வான்? கணக்குப் போட்டேன்.

நகரில் வளர்ந்த நண்பர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். கட்டத்தில் கோடுகள் கூடும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக வைப்பார். பதினைந்தும் இறங்கிய பின்னரே ஆடுகள் நகரலாம். புலி தொடக்கத்திலிருந்தே நகரும். அடுத்திருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி வெற்றிடத்தில் குதித்தால் அந்த ஆடு போயிற்று. மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இனிக் கணக்கு. 23 இடங்களில் 3 புலிகளை வைக்க 1,771 வழிகள். எஞ்சிய 20 இடங்களில் 15 ஆடுகளை வைக்க 15,504 வழிகள். பெருக்கினால் 2,74,57,584 நிலைகள். ஆடுகள் குறைவாக உள்ள நிலைகளையும் கூட்டினால் ஏறத்தாழ 185 கோடி. யார் முறை, கையில் எத்தனை ஆடு என்பவற்றையும் சேர்த்தால் இன்னும் பல மடங்கு. பெரிய எண் என்று மகிழாதீர்கள். சதுரங்கத்தின் நிலைகள் 1ஐ அடுத்து 43 சுழிகள் இட்ட அளவினவாகும் என்று 1950இல் கிளாட் ஷானன் மதிப்பிட்டார். என் கணக்கு என் எதிரிக்கே சாட்சி சொல்லிற்று!

ஆனால் ஆட்டத்தை அளக்க அளவு ஒன்றுதானா? 185 கோடியையும் மனிதன் கண்ணால் காண்பதில்லை. சதுரங்கத்தில் இருவர்க்கும் ஒரே படை. என் குதிரை செய்வதை உங்கள் குதிரையும் செய்யும். இங்கோ ஒருவர் கொல்ல ஆடுகிறார், மற்றவர் சூழ ஆடுகிறார். ஒரு பக்கம் கற்ற பாடம் மறுபக்கத்திற்கு உதவாது. புலியைச் சுற்றி ஆடுகளை நிறுத்திவிட்டால் புலி அடைபட்டது என்றே புதியவர் எண்ணுவர். அன்று. ஆட்டிற்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் புலிக்கு அது வழி மட்டுமன்று, விருந்தும் ஆகும். புலி தாண்டக்கூடிய கோட்டிலெல்லாம் ஓர் ஆட்டின் முதுகில் இன்னோர் ஆடு நிற்க வேண்டும்.

இதுவரை வாய் திறவாத நேபாள நண்பர், "எங்கள் ஊரிலும் உண்டே!" என்று தாளைத் திருப்பிப் பின்புறத்தில் வரைந்தார். 'பாக்சால்' என்பது பெயர். 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். ஆடு ஒன்றும் சாகாவிடில் அங்கே எஞ்சுவது ஒரே வெற்றிடம். நம் கட்டத்திலோ ஐந்து. அங்கே ஆட்டுக்காரருக்கு மூச்சு முட்டுகிறது. இங்கே தம் ஆடுகளுக்கு இடையே தாமே ஓட்டை விட்டுவிடும் அச்சம் மிகுதி. இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால்தான் இவ்வேற்றுமை கைக்குப் புலப்படும். பாக்சாலில் இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கணிப்பொறி கொண்டு லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இருவர் காட்டிய கட்டுரை 2009இல் நூலில் வெளிவந்தது.

பிழையின்றி ஆடுவோர் எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே ஒரு முறை வகுத்தோம்: இருவரும் இரண்டு ஆட்டம், பக்கம் மாற்றி. ஆட்டுக்காரராக இருக்கையில் எவர் குறைவான ஆடுகளை இழந்தாரோ அவரே வென்றவர். சதுரங்க வீரரோடு முதலில் அமர்ந்தவன் நான். புலியாக நான்கு ஆடுகளை வெட்டி மார் தட்டினேன். பக்கம் மாறியதும் அவர் என் ஆடுகளில் ஏழைத் தின்றுவிட்டார்.

அதன்பின் அவர் அதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லவில்லை. ஞாயிறுதோறும் தாளை விரிப்பவர் இப்போது அவர்தான். ஆடு வைக்கத்தான் எங்கள் வீட்டில் ஒருவரும் முன்வருவதில்லை.