பெல்லி டான்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

பெல்லி டான்ஸ் கற்க வருபவருக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது ஷிம்மி. குலுங்குவது இடுப்பு, வேலை செய்வது முழங்கால். லேசாக மடங்கியிருக்கும் முழங்கால்கள் மாறி மாறி நீண்டு மடங்க, இடுப்பு தானாக அதிரும். புதியவர் முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்வார். அல்லது வயிற்றைத் தளரவிட்டு, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிற்பார். பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்கும்.

பதிவு செய்த வீடியோ பாடத்தில் வருபவர் கெய்ரோவிலேயே பேர்போன ஆசிரியராக இருக்கலாம். உங்கள் முழங்காலை அவரால் பார்க்க முடியாது. அதற்காக வீடியோ வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரே அசைவை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கவும், கூச்சமில்லாமல் பழகவும் அதைவிட வசதி கிடையாது. சாமியா கமால் ஆடிய பழைய எகிப்தியப் படங்களே நல்ல பாடம்தான். ஆனால் நின்ற நிலையிலிருந்து மல்லாக்கத் தரையில் விழும் 'டர்க்கிஷ் டிராப்' போன்றவற்றை வீடியோ பார்த்து முயலவே வேண்டாம். முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த வழியில் கற்பதானாலும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஆக, நேரடி ('லைவ்') வகுப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, நம் தப்பைத் திருத்துவதற்கான காசு. ஜூமில் நாற்பது பேரைச் சேர்த்துவிட்டு ஆசிரியர் தன்பாட்டுக்கு ஆடினால் அதுவும் வீடியோதான், விலைதான் அதிகம். தவிர, இணையத்தில் பாட்டு சற்றுப் பிந்தி வருவதால் நீங்கள் தாளத்தில் ஆடுகிறீர்களா என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வகுப்பில் எத்தனை பேர், பெயர் சொல்லித் திருத்துவாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

'லைவ்' என்று விளம்பரம் செய்துவிட்டுப் பதிவு செய்ததை ஓடவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீதே தராததும் அப்படித்தான். நமக்கு ஆர்வம் குறைந்து நின்றுவிட்டால் கதை வேறு. அதற்கு இந்தச் சட்டம் துணை வராது.

முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வகுப்பு நடத்துபவர் எந்த ஊரிலிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டணம் ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டாம், வக்கீலும் கட்டாயமில்லை. செயலியில் 'இலவச ட்ரயல்' முடிந்ததும் மாதாமாதம் பணம் போகிறதா? அந்த ஆட்டோ டெபிட்டை வங்கி அல்லது யூபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம். போலி வகுப்பில் ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

வகுப்பைப் பதிவு செய்கிறார்களா, அது யார் கைக்குப் போகும் என்பதையும் கேட்க வேண்டும். உடை மாற்றும் இடத்தில் பெண்ணை ஒளிந்திருந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி சிறைக்குரிய குற்றம். படம் இணையத்தில் பரவினால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் செய்யலாம்.

எதற்கும் ஆதாரம் வேண்டும். 'லைவ்' என்று போட்டிருக்கும் விளம்பரத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் அந்தச் சொல் காணாமல் போய்விடலாம்.