ரீசார்ஜ் பண்ணும் முன்னே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்



கொஞ்ச நாளைக்கு முன் ஒரு குழுவின் வாரக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். தீர்மான நோட்டைத் திறப்பதற்கு முன்பே ஊக்குநர் அக்கா முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்று கேட்டோம். "என் நம்பர் போச்சு மேடம். வேற யாருக்கோ குடுத்துட்டாங்க" என்றார்.

நடந்தது இதுதான். வேலை இல்லாத மாதங்களில் அவரால் ரீசார்ஜ் செய்ய முடியவில்லை. பேச வேண்டுமென்றால் மகன் போன் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். மாதங்கள் ஓடிவிட்டன. கையில் காசு வந்து கடைக்குப் போனபோது, "இந்த நம்பர் உங்க பேர்ல இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார்கள். அந்த எண்ணுக்குப் போன் போட்டால் யாரோ ஒரு ஆள் எடுத்துப் பேசுகிறார். அக்காவுக்கு அது சொந்த நம்பர் மட்டும் அல்ல. குழுவின் வங்கிக் கணக்கோடு இணைத்திருந்ததும் அதே நம்பர்தான். குழுக் கணக்கில் பணம் ஏறினாலும் இறங்கினாலும் வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

தீர்மானம் போட்டு, ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு, வங்கிக்கு இரண்டு முறை அலைந்து நம்பரை மாற்றினோம். நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் இரண்டு நாள் கூலி போனது, பஸ் காசு தனி. அதனால்தான் செல்போன் ரீசார்ஜைப் பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

நம்பர் எப்படிப் போகிறது?

தொடர்ந்து 90 நாள் ஒரு சிம்மில் பேசவில்லை, எஸ்எம்எஸ் அனுப்பவில்லை, நெட்டும் பயன்படுத்தவில்லை என்றால் கம்பெனி அந்த இணைப்பைத் துண்டிக்கலாம். இது டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல் கொண்டுவந்த விதி. அப்போது மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதில் 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைக்க வேண்டும். துண்டித்த பிறகும் 15 நாளுக்குள் போய்க் கேட்டால் திரும்பப் பெறலாம். அதையும் விட்டுவிட்டால், குறைந்தது 90 நாள் கழித்து அந்த எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இந்த வழக்கு வந்தபோது, பழைய நம்பரில் இருக்கும் தன் விவரங்களைப் பாதுகாத்துக்கொள்வது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்றே சொல்லிவிட்டார்கள்.

"பேலன்ஸ்ல இருபது ரூபா கிடக்குது, நம்பர் போகாது" என்று சில பேர் தைரியமாக இருக்கிறார்கள். நம்பர் உடனே போகாது, சரி. ஆனால் திட்டத்தின் நாள் முடிந்து சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து டீச்சர் கூப்பிட்டாலும் தெரியாது. நம்பர் உயிரோடு இருப்பது வேறு, வேலைக்கு உதவுவது வேறு.

முதலில் சிக்னல், அப்புறம்தான் விலை

"எந்த கம்பெனி மேடம் நல்ல கம்பெனி?" என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறீர்கள். எங்களால் ஒரே பதில் சொல்ல முடியாது. ரோட்டு மேல் இருக்கிற ஊரில் நான்கும் எடுக்கும். அதே பஞ்சாயத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற காலனியில் ஒன்றுதான் எடுக்கும், அதுவும் வாசலில் நின்றால்தான் எடுக்கும். எவ்வளவு மலிவான திட்டமாக இருந்தாலும் வீட்டுக்குள் எடுக்கவில்லை என்றால் அது நட்டம்தான்.

இதைக் கண்டுபிடிக்க புது சிம் வாங்க வேண்டியதில்லை. குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் எப்படியும் மூன்று நான்கு கம்பெனி சிம் இருக்கும். ஒரு நாள் அந்த உறுப்பினர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அடுப்படியில் நின்று ஒரு அழைப்பு, மாட்டுக் கொட்டகையில் ஒன்று, நீங்கள் வேலைக்குப் போகிற காட்டில் ஒன்று, கூட்டம் நடக்கிற இடத்தில் ஒன்று. கோடு எத்தனை தெரிகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். கோடு நிறைய இருந்தும் குரல் விட்டுவிட்டு வரும். ஐந்து நிமிடமாவது பேசிப் பாருங்கள். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஊரே போனைக் கையில் வைத்திருக்கும், நெட் மெதுவாகும்.

இன்னொன்று, கரண்ட் போனால் டவர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். சில டவர்களில் பேட்டரி பழசாகி, கரண்ட் போன கொஞ்ச நேரத்திலேயே சிக்னலும் போய்விடுகிறது. ராத்திரியில் 108-க்கு போன் போட வேண்டிய நேரத்தில்தான் இது தெரியவரும்.

படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வேலை கொடுங்கள். எந்த இடத்தில் எந்த சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்று டிராய் உத்தரவு போட்டு, 2025-ல் அவை வெளிவந்துள்ளன. ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆனாலும் வரைபடத்தைவிட அடுப்படியில் நின்று பேசிப் பார்ப்பதைத்தான் நாங்கள் நம்புவோம். மேடு, பள்ளம், தளம் போட்ட வீட்டுச் சுவர் எல்லாம் வரைபடத்துக்குத் தெரியாது.

பிஎஸ்என்எல்லைப் பற்றியும் கேட்டீர்கள். 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையை நாடு முழுவதும் தொடங்கினார்கள். "அதுல நெட்டே வராது" என்ற பழைய பேச்சை வைத்து ஒதுக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். அரசு நிதியில் போட்ட சில டவர்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூன்று சிம்மும் எடுக்கும்படி 2025 ஜனவரியில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மலைக் கிராமத்து உறுப்பினர்கள் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கிற போனும் முக்கியம். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அது 4ஜி, 5ஜி மட்டுமே உள்ள கம்பெனி. ஒரு பாட்டி சிம்மை மாற்றிப் போட்டுவிட்டு, போன் ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோன கதையும் உண்டு.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

கடைக்காரர் 199 ரூபாய் என்பார், 469 என்பார், 1,849 என்பார். கேட்டதும் 199 தான் குறைச்சல் மாதிரி தெரியும். நாம் உள்கடனுக்கு வட்டி போடத் தெரிந்தவர்கள். இதையும் அப்படியே கணக்குப் போடுவோம். விலையை நாளால் வகுங்கள், அவ்வளவுதான்.

28 நாளுக்கு 199 என்றால் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. 28 நாள் என்பது ஒரு மாதம் இல்லை. வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை போட வேண்டும். 13 தரம் 199 என்றால் 2,587 ரூபாய். பதின்மூன்றாவது மாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை! 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் போடுகிற திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் சொல்லிவிட்டது. கடையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்தது நெட் இல்லாத திட்டம். நம்மில் பாதிப் பேர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறோம். பேசவும், ஓடிபி வரவும் போதும். ஆனால் தினம் ஒன்றரை ஜிபி நெட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டிக்கொண்டிருந்தோம். சாப்பிடாத சோற்றுக்கு டோக்கன் வாங்கின மாதிரி. பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி போட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படிப்பட்ட திட்டங்களை வெளியிட்டன. அப்போது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. வோடபோன் ஐடியாவில் 84 நாளுக்கு 470. விலை அடிக்கடி மாறும், 2024 ஜூலையில் இந்த மூன்று கம்பெனியும் ஒரே வாரத்தில் ஏற்றியது ஞாபகம் இருக்கும். அதனால் அன்றைய விலையைக் கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். 336 நாள் என்று வந்தால் அது வருடம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

469-ஐ 84-ஆல் வகுத்தால் நாளைக்கு 5 ரூபாய் 58 காசு. 1,849-ஐ 365-ஆல் வகுத்தால் 5 ரூபாய் 7 காசு. மலிவு வருடத் திட்டம்தான். ஆனால் ஒரே தடவையாக 1,849 ரூபாய்க்கு எங்கே போவது? "உள்கடன் எடுத்துப் போட்டா என்ன?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். நல்ல கேள்வி. மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில், பத்துத் தவணையில் குறையும் வட்டியாகக் கட்டினால் வட்டி ஏறக்குறைய 203 ரூபாய். மொத்தம் 2,052 ஆகிறது. 84 நாள் திட்டத்தையே வருடம் முழுக்கப் போட்டாலும் சுமார் 2,038 தான். ஆக, கடன் வாங்கி வருடத் திட்டம் போடுவதில் லாபம் இல்லை. கையில் காசு இருப்பவர்கள் வருடத் திட்டம் போடலாம்.

எங்களுக்குப் பிடித்தது வேறு வழி. 84 நாள் என்றால் சரியாக 12 வாரம். வாரக் கூட்டத்தில் சேமிப்போடு 40 ரூபாயைத் தனியாகக் கொடுத்து வைத்தால் 12 வாரத்தில் 480 சேர்ந்துவிடும். அதைச் சேமிப்போடு கலக்காமல் தனி நோட்டில் எழுதுங்கள். கலந்தால் தணிக்கையில் நாம்தான் மாட்டுவோம். குழுக் கணக்கோடு இணைத்த நம்பருக்கு ஆகும் ரீசார்ஜை குழுவின் பொதுச் செலவில் போடலாமா என்று தீர்மானம் வைத்துப் பேசுங்கள். ஊக்குநர் தன் கைக்காசில்தான் போட வேண்டும் என்பது நியாயமாக எங்களுக்குப் படவில்லை.

பிள்ளைகள் படிப்பதற்கோ, தையல் ஆர்டரை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கோ நெட் கட்டாயம் தேவை என்றால் நெட் திட்டம்தான் போட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது தேவையா என்று மட்டும் பாருங்கள். மாதாமாதம் பில் வருகிற போஸ்ட்பெய்டு நமக்குச் சரிப்படாது. சொல்கிற விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக ஏறும். ப்ரீபெய்டு விலையில் வரி சேர்ந்தே இருக்கும்.

நம்பர் மாறாமல் கம்பெனி மாற

சோதித்துப் பார்த்து வேறு கம்பெனிதான் நல்லது என்று தெரிந்தால் நம்பரை விட வேண்டாம். 2011 ஜனவரியில் இருந்தே நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை நின்றபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேர் இப்படித்தான் மாறினார்கள்.

போனில் ஆங்கிலத்தில் போர்ட் (பி, ஓ, ஆர், டி) என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய திட்டத்தில் மிச்சம் இருக்கிற நாளும் பேலன்ஸும் புதுக் கம்பெனிக்கு வராது. ஆகவே நாள் முடிகிற நேரம் பார்த்து மாறுங்கள், முழுசாக முடியவும் விடாதீர்கள். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. உங்கள் நம்பர் யார் பேரில் இருக்கிறது? கணவர் பேரில், தம்பி பேரில், மருமகன் பேரில் என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. அவர் வந்து கைரேகை வைக்காமல் உங்களால் கம்பெனி மாற முடியாது, சிம் தொலைந்தால் வேறு வாங்கவும் முடியாது. குடும்பத்தில் மனத்தாங்கல் வந்து கணவர் சிம்மை முடக்கிவிட்ட கதையும் எங்களிடம் வந்திருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, மகளிர் உரிமைத் தொகை எல்லாம் எந்த நம்பரில் இருக்கிறதோ அது உங்கள் பேரில் இருக்கட்டும். கம்பெனியின் ஷோரூமுக்கு இருவரும் ஆதாரோடு போனால் பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

திருவிழாக் கூட்டத்தில் குடை போட்டு உட்கார்ந்து இலவச சிம் தருகிறவர்களிடம் கவனம் தேவை. "ரேகை விழலீங்க, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, உங்கள் பேரில் இரண்டாவது சிம் எடுத்து மோசடிக்காரர்களுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆள் பேரில் 9 சிம்முக்கு மேல் இருந்தால் 2023-ம் வருடச் சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் பேரில் எத்தனை இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம், உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். செல் ஆபரேட் பண்ணத் தெரியாதவர்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க, ஐந்து நிமிட வேலை.

நீங்கள் கேட்காமலே பாட்டு, ஜோசியம் என்று காசு பிடித்தால் 155223-க்கு அழைத்து நிறுத்தலாம். மற்ற புகார்களுக்கு 198. புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், அதை நோட்டில் எழுதி வையுங்கள். தீரவில்லை என்றால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். செல்போன் கம்பெனி மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் மூன்று விவரம் எழுதிக்கொண்டு வாருங்கள்: குழுக் கணக்கில் இணைத்த நம்பர் எது, அது யார் பேரில் இருக்கிறது, ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது. உங்கள் ஊரில் எந்த சிம் வீட்டுக்குள் எடுக்கிறது என்பதையும் சொன்னால், ஊர்வாரியாக அட்டையில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுகிறோம்.