குடல் சுவரின் சளிக்கவசம்

பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றை உடலிலிருந்து பிரிக்கும் குடலின் மேற்பரப்போ ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. அங்கே அழற்சி மூளாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் சளி. மூக்கில் வந்தால் முகம் சுளிக்கிறோம். குடலில் அது இல்லையென்றால் நாம் நலமாக இருக்க முடியாது.

இந்தச் சளியை ஆய்வாளர்கள் நெடுங்காலம் சரியாகக் கவனிக்கவில்லை. திசுவைப் பதப்படுத்தும் வழக்கமான ஃபார்மலின் கரைசலில் நீர் உண்டு. அதில் சளிப்படலம் குலைந்துவிடும். நீரில்லாத கார்னாய் திரவத்தில் பதப்படுத்தினால் அது நிலைக்கும். 2008-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் மாலின் யோஹான்சன், குன்னார் ஹான்சன் குழுவினர் அப்படித்தான் எலியின் பெருங்குடலைப் பார்த்தார்கள். சளி இரண்டு அடுக்காக இருந்தது. வெளியடுக்கு தளர்வானது, பாக்டீரியாக்கள் நிறைந்தது. சுவரோடு ஒட்டிய உள்ளடுக்கு இறுக்கமானது. அதில் பாக்டீரியாக்கள் இல்லை. அந்த அடுக்கின் தடிமன் சுமார் 50 மைக்ரான்தான்.

இதைச் சுரப்பவை கோப்பை வடிவச் செல்கள். அவை உருவாக்கும் மியூசின்-2 என்ற மாபெரும் புரதத்தின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரைச் சங்கிலிகள். செல்லுக்குள் கால்சியத்தோடு சேர்ந்து இறுகிக் கிடக்கும் இது, வெளியே வந்ததும் பைகார்பனேட் கால்சியத்தை விலக்க, தண்ணீரில் போட்ட சப்ஜா விதைபோல் உப்பி, நூறு மடங்குக்கும் மேல் விரிகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் பைகார்பனேட் போதுமான அளவு சுரக்காது; சளி விரியாமல் கெட்டியாகிவிடும். அந்நோயோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு முதல் மலமே குடலை அடைத்துக்கொள்கிறது.

விரிந்த மியூசின் வலையின் கண்கள் பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. அடியிலிருந்து புதுச்சளி ஊறிக்கொண்டே இருக்க, மேற்பகுதி தளர்ந்து வெளியடுக்காக மாறுகிறது. மியூசின்-2 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் பாக்டீரியாக்கள் நேரே செல்களைத் தொட்டன. குடல் அழற்சி வந்தது, பிறகு புற்றுக்கட்டிகளும் தோன்றின. சிறுகுடலில் மட்டும் ஏற்பாடு வேறு. சத்து உள்ளே போக வேண்டுமே, அதனால் அங்கே சளி தளர்வான ஒரே அடுக்கு. குறையைப் பனேத் செல்கள் சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்கள் ஈடுசெய்கின்றன.

வெளியடுக்கில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு மியூசினின் சர்க்கரையும் உணவுதான். நாம் உண்ணும் கீரை, பயறு, சிறுதானியங்களின் நார்ச்சத்து கிடைக்கும்வரை பல இனங்கள் சளியை அதிகம் தொடுவதில்லை. மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. பாக்டீரியாக்கள் சளியையே தின்னத் தொடங்கின, படலம் மெலிந்தது. அதன்பின் சிட்ரோபாக்டர் என்ற நோய்க்கிருமியைக் கொடுத்தபோது அந்த எலிகளின் பெருங்குடல் கடுமையாகச் சீர்கெட்டது. நார்ச்சத்து தின்று வளர்ந்த எலிகளில் பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது.