குடும்ப வைத்தியசாலையில் தாதியரும் துணைவரும்

நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்தனர். இவற்றுள் முதல் மூன்றை நாம் எளிதில் நினைவிற்கொள்கின்றோம்; நான்காவதையோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். நோய் நீங்கியபின் டாக்டரைப் புகழ்வோர் பலர். புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றிய தாதியின் பெயரையேனும் கேட்டறிந்தோர் சிலரே. அந்நான்காம் கூற்றின் அருமையைத் தெளிவாகக் காண்டற்கு இங்கிலாந்து தேசத்துக் குடும்ப வைத்தியசாலை நல்லதோர் உதாரணமாகும்.

அந்நாட்டில் தேசிய சுகாதார சேவை 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் நாள் தொடங்கிற்று. அதன்படி மக்கள் தத்தம் இல்லத்துக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையொன்றிற் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கட்டணமின்றி டாக்டரைக் காணலாயினர். ஆதியில் டாக்டர்கள் பலர் தம் இல்லத்திலேயே தனித்துத் தொழில் நடத்தினர். மனைவியே டெலிபோனுக்கு மறுமொழி கூறுதலும் உண்டு. 1966-ஆம் ஆண்டின் ஏற்பாடு இந்நிலையை மாற்றிற்று. தாதியர், எழுத்தர் முதலியோருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கினை அரசாங்கம் டாக்டர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 1990-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுதல் முதலியவற்றிற்கு இலக்குகளை விதித்தமையால், தாதியரின் தேவை மேலும் பெருகிற்று.

இனி, இங்குப் பணிபுரிவோரின் கடமைகளை முறையே நோக்குவோம். நோயாளி முதன்முதற் பேசுவது வரவேற்பாளருடனேயாம். "காரணம் யாது?" என்று அவர் வினவுவதை வீண் ஆராய்ச்சி எனச் சிலர் வெறுப்பதுண்டு. ஆயினும் ஒருவர் மார்பு வலியென்றோ, முகம் ஒருபுறம் கோணிற்றென்றோ கூறுவாராயின், அவருக்கு நாளைய தினம் நேரம் குறித்தல் உயிருக்கே கேடாகும். உடனே ஆம்புலன்ஸ் வண்டியை அழைக்கச் செய்தலே முறை. நோயை இன்னதென்று நிச்சயித்தல் வரவேற்பாளரது வேலையன்று. எவர் காத்திருக்கலாகாதவர் என்று அறிந்து அனுப்புதலே அவரது வேலை.

அடுத்தவர் சுகாதார உதவியாளர். எடை பார்த்தல், சோதனைக்கு இரத்தம் எடுத்தல், இரத்த அழுத்தம் அளத்தல் முதலியன இவர் பொறுப்பாம். அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேற்பட்டுக் காணினும், "உமக்கு வியாதி உண்டு" என இவர் கூறார். அளவைப் பிழையின்றிக் குறித்துத் தாதிக்கோ டாக்டருக்கோ தெரிவிப்பர். பின்னர் வீட்டிற் பல நாள் அளந்தோ, 24 மணி நேரம் கருவியணிந்தோ கண்டபின்னரே முடிவு கூறப்படும். வைத்தியசாலைக்கு வந்த அச்சத்தினாலேயே சிலருக்கு அழுத்தம் உயர்வதே இதற்குக் காரணம்.

தாதியின் பணியோ மிக விரிந்தது. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செண்டிகிரேடு வரையுள்ள குளிரிலே வைத்தல் வேண்டும். உறைந்தாலும் வெம்மையுற்றாலும் அது கெடக்கூடும். கெட்டதனைக் கண்ணாற் கண்டறிதல் பெரும்பாலும் இயலாது. ஆதலின் குளிர்ப்பெட்டியின் நிலையை நாள்தோறும் ஏட்டிற் குறிக்கும் சிறு செயலே குழந்தைகளுக்குக் காப்பாகின்றது.

நீரிழிவுடையோரின் பாதங்களை ஆண்டுதோறும் சோதித்தலும் அத்தகையதே. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றைத் தாதி உள்ளங்காலில் தொட்டு வைப்பர். தொட்டது தெரியவில்லையெனின் நரம்பு மரத்துப்போயிற்றென்பது புலனாகும். அத்தகையோர் பாதரட்சை கடித்த புண்ணையும் உணரார். அது முற்றிக் காலையே இழக்க நேரிடலும் உண்டு. காலத்தில் இதனைக் கண்டு, பாத வைத்தியரிடம் அனுப்பும் தாதி ஒருவரது நடையையும் பிழைப்பையும் காக்கின்றார் என்றால் மிகையாகாது.

தனிப் பயிற்சி பெற்ற தாதியர் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுதிக் கொடுக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டிற் பெற்றனர். உரிமையோடு பொறுப்பும் உண்டு. 2016-ஆம் ஆண்டு முதற்கொண்டு, பதிவேட்டிற் பெயர் நிலைக்க விரும்பும் தாதி 3 ஆண்டுக்கொருமுறை, குறைந்தது 450 மணி நேரம் தொழில் புரிந்தமையைக் காட்டல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் வழக்கமாக ஏறத்தாழ 10 நிமிஷமே. அச்சிறு பொழுது பயன்படுவது, அதற்கு முன்னும் பின்னும் பிறர் செய்யும் வேலையினாலேயாம். அவ்வேலை சிறப்பதும் ஒவ்வொருவரும் தம் எல்லையை அறிந்திருத்தலினாலேயாம். தமக்குரியதைச் செவ்வனே செய்தலும், தம் அறிவுக்கு அப்பாற்பட்டதைத் தாமதமின்றி உரியவரிடம் ஒப்புவித்தலும் என்னும் இரண்டில் எது தவறினும் துன்புறுபவர் நோயாளியே.

தாதித் தொழிலை, டாக்டர் படிப்புக் கிட்டாதோர் ஏற்கும் இரண்டாந்தரத் தொழிலாகக் கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். அக்கருத்து தவறென்பதற்கு மேற்கூறியனவே போதிய சான்று. இத்தொழிலை நாடும் மாணவ மாணவியர் தாழ்வென நாணாது செல்வாராக. ஏனையோராகிய நாமும், அடுத்த முறை வைத்தியசாலை செல்லுங்கால், கட்டு மாற்றுபவரையும் சீட்டு எழுதுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே மதித்து நடத்தல் கடனாம்.