மூன்று வார முதல்வர்

அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் எந்தக் கட்சியிலும் சேராதவர். கட்சிச் சண்டை நாட்டுக்கு ஆகாது என்று 1796-இல் எழுதியும் வைத்தார். யார் கேட்டார்கள்? அதே ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் அதிபர். எதிரணியின் ஜெபர்சன் துணை அதிபர். தினமும் முகம் பார்த்தாக வேண்டும்!

இப்படிப்பட்ட கட்சி அரசியலில் நம் காரைக்காலும் சளைத்ததல்ல. 1969-இல் புதுச்சேரியின் தி.மு.க. முதல்வரான பாரூக் மரைக்காயர் நம் ஊர்க்காரர். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். 1974 மார்ச் 6-ஆம் தேதி அந்தக் கட்சியின் சார்பில் புதுச்சேரி முதல்வராகப் பதவியேற்றவர் எஸ். ராமசாமி. அவரும் காரைக்கால்காரர்தான். எம்.ஜி.ஆரே சென்னைக் கோட்டையில் அமர்ந்தது 1977-இல்!

ஆனால் 30 உறுப்பினர் பேரவையில் பெரும்பான்மை நிலைக்கவில்லை. பந்தல் பிரிப்பதற்குள் விருந்து முடிந்த கதை: மார்ச் 28-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது. 1977 ஜூலையில் ராமசாமி மறுபடி முதல்வரானார். 1985-இல் அந்த நாற்காலிக்குத் திரும்பி வந்தவர் யார் தெரியுமா? பாரூக் மரைக்காயர்.