மடை திறக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், மரக்காணம் வந்துவிட்டதை ஊர்ப்பலகைக்கு முன்னால் உப்பே சொல்லிவிடும். சாலையோரம் கீற்று போர்த்திய குவியல்கள், அவற்றுக்குப் பின்னால் கண்ணாடித் துண்டுகளாகப் பாத்திகள். ஆந்திரத்தில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடமும் இதுதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பாத்தியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் இருக்கும் தண்ணீரின் வயது வேறு. கடல்நீரின் அடர்த்தி ‘போமே’ அளவில் சுமார் 3 டிகிரி. இது வெப்பநிலை டிகிரி அல்ல. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே வகுத்த அடர்த்தி அளவு. வெயிலில் காயக் காய டிகிரி ஏறும். 13ஐத் தாண்டும்போது ஜிப்சம் படியும். சுமார் 25ஐ எட்டும்போது, முதலில் இருந்த நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அப்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 வரை விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும், ஈரம் இழுக்கும். ஆகவே 13க்கு முன்னால் ஒரு பாத்தி, 25 வரை இன்னொன்று, அதற்குமேல் வேறொன்று. இந்த டிகிரி வந்ததும் இந்த மடையைத் திறந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். கட்டுவது மனிதர்.

இப்போது அந்த மனிதரை எடுத்துவிட்டு, மடை தானாகத் திறக்கும்படி செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் உலகம் ‘டேட்டா பைப்லைன்’ என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஓரிடத்தில் சேரும் தரவு பல கட்டங்களாக வடிகட்டப்பட்டு, கூட்டிக் கழிக்கப்பட்டு, கடைசியில் அறிக்கையாகவோ எச்சரிக்கையாகவோ வெளிவரும். இந்த வேலை இன்று பெரும்பாலும் ‘கிளவுட்’ எனப்படும் வாடகைக் கணினிகளில் நடக்கிறது. மடையைத் திறக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் ட்ரிகர். அதில் முக்கியமாக இரண்டு வகை. ‘காலை ஐந்து மணிக்கு உப்பு வாரப் போ’ என்பது நேர ட்ரிகர். ‘25 டிகிரி வந்தால் திற’ என்பது நிகழ்வு ட்ரிகர். கணினியில் அது ‘புதுக் கோப்பு வந்து விழுந்தால் ஓடு’ என்று இருக்கும்.

ஓடும்போது உடைந்த பைப்லைன் சத்தம் போடும். சிவப்பு விளக்கு எரியும், மின்னஞ்சல் வரும், எந்த வரியில் பிழை என்று பதிவேடு சொல்லும். ட்ரிகர் கிளம்பவே இல்லையென்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எதுவும் ஓடவில்லை, ஆகவே எதுவும் தோற்கவில்லை; பிழைப் பட்டியல் பளிச்சென்று காலியாக இருக்கும். எல்லாம் நலமாக இருக்கும் நாளிலும் அது அப்படித்தான் இருக்கும். இந்தத் துறையில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இந்த ஒற்றுமைதான் என்பேன்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். மரக்காணம் உப்பளத்தின் நடுவில் தானியங்கி வானிலைக் கம்பம் ஒன்று நிற்கிறது. மணிக்கொரு கோப்பு கிளவுடுக்கு அனுப்புகிறது. கோப்பு விழுந்ததும் பைப்லைன் ஓடி மழை, காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் சேர்த்து உப்பளக்காரர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். சோதனையில் அருமையாக ஓடியது. உண்மையான அமைப்பில் ஏற்றிய மறுநாள் செய்தி வரவில்லை. எங்கே தேடுவது?

பைப்லைன் ஓட்டும் கருவிகளில் மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் டேட்டா ஃபேக்டரியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிகரை அப்படியே திருத்த முடியாது. முதலில் நிறுத்த வேண்டும். ஆகவே புதுப் பதிப்பை ஏற்றும்போது மூன்று படி: ட்ரிகர்களை நிறுத்து, புதியதை ஏற்று, மறுபடி கிளப்பு. இதற்கான ஸ்கிரிப்ட் ஒன்றை மைக்ரோசாஃப்ட்டே கொடுக்கிறது. மடையை அடைத்துவிட்டுப் பாத்தியைச் செப்பனிட்டு மறுபடி திறப்பதுபோலத்தான். கோளாறெல்லாம் அந்த ‘மறுபடி’யில் ஒளிந்திருக்கிறது.

நடுப்படியில் ஏற்றுதல் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் ஏற்பாட்டில் ஒரு படி தோற்றால் அடுத்த படி நடக்காது. ‘ஏற்றுதல் தோல்வி’ என்று மின்னஞ்சல் வரும். பொறியாளர் அதைப் படித்துவிட்டு, பழைய பதிப்புதான் பத்திரமாக இருக்கிறதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போவார். பழைய பதிப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் ட்ரிகர்கள் எல்லாம் முதல் படியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. கிளப்ப வேண்டிய மூன்றாம் படி வரவே இல்லை.

இன்னொரு வழுக்கல் இதைவிட நுட்பமானது. அந்த ஸ்கிரிப்ட் எல்லா ட்ரிகர்களையும் கிளப்பாது. ஏற்றப்படும் வார்ப்பில் (டெம்ப்ளேட்) எதற்கு ‘ஓடுகிறது’ என்று குறித்திருக்கிறதோ அதை மட்டுமே கிளப்பும். சோதனை அமைப்பில் செலவு மிச்சம் என்று ட்ரிகரை யாரோ நிறுத்தி வைத்திருந்தால், அந்த ‘நின்றது’ என்ற குறியும் வார்ப்போடு சேர்ந்து உண்மை அமைப்புக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் தன் வேலையைப் பிசகாமல் செய்து முடித்து பச்சை விளக்கு காட்டும். ட்ரிகர் கிடக்கும்.

அடுத்தது அனுமதி. ‘கோப்பு விழுந்தால் ஓடு’ என்ற ட்ரிகர் தானே போய்ச் சேமிப்புக் கிடங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அஷ்யூரில் ஈவென்ட் கிரிட் என்ற தபால்காரர் இருக்கிறார். கோப்பு வந்தால் எனக்குச் சொல் என்று அவரிடம் சந்தா கட்ட வேண்டும். ட்ரிகரைக் கிளப்பும் கணத்தில்தான் அந்தச் சந்தா உருவாகிறது. கிளப்புகிற கணக்குக்குக் கிடங்கின்மீது அந்த உரிமை இல்லாவிட்டாலோ, ஈவென்ட் கிரிட் சேவையே அந்த அலுவலகக் கணக்கில் பதிவாகாமல் இருந்தாலோ கிளம்பாது. சோதனையில் ஏன் ஓடியது? அங்கே கிளப்பியவர் எல்லா உரிமையும் உள்ள பொறியாளர். உண்மை அமைப்பில் கிளப்புவது அதற்கென உருவாக்கிய எந்திரக் கணக்கு. அதனிடம் எல்லாச் சாவியும் இருக்காது. இந்த வகைத் தோல்வி பரவாயில்லை, பிழைச் செய்தியாவது வரும்.

வராத வகை, பெயர் பொருந்தாமை. ட்ரிகரிடம் எந்தக் கோப்புறையைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருப்போம். மரக்காணத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘கே’யா இரண்டு ‘கே’யா, முதலெழுத்து பெரியதா சிறியதா? கம்பம் ஒருவிதமாக எழுதி அனுப்ப, ட்ரிகர் வேறுவிதமாக எதிர்பார்த்துக் காத்திருக்கும். இரண்டும் அவரவர் அளவில் சரி. நம் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் அவலம் இரயில் நிலையப் பலகையோடு முடிந்துவிடுவதில்லை.

நேர ட்ரிகரில் வேறு வம்பு. நாளிதழில் வரும் மழை அளவு எப்போதும் ‘காலை 8.30 மணி வரை’ என்றே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை? உலகப் பொது நேரப்படி அப்போது சரியாக 3 மணி. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. கிளவுட் கணினிகள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் இயங்குகின்றன. நேர மண்டலத்தைக் குறிக்காமல் 8.30 என்று எழுதிவிட்டால் பைப்லைன் ஓடுவது நமக்குப் பிற்பகல் 2 மணிக்கு. காலையில் பார்ப்பவர் ட்ரிகர் கிளம்பவில்லை என்பார், மாலையில் பார்ப்பவர் கிளம்பியதே என்பார். இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

மற்றக் கருவிகளுக்கும் அவரவர் குணம் உண்டு. ஏர்ஃப்ளோவில் புதிதாக ஏற்றும் பைப்லைன், இயல்பான அமைப்பில் இடைநிறுத்தப்பட்ட நிலையிலேயே வந்து உட்காரும். யாராவது விசையைத் தட்டிவிட வேண்டும். கிட்ஹப்பில் பொதுக் களஞ்சியம் ஒன்றில் 60 நாட்கள் எந்த அசைவும் இல்லையென்றால் நேர ட்ரிகர்கள் முடக்கப்படும். நன்றாகத்தானே ஓடுகிறது என்று தொடாமல் விட்டதே நிற்கக் காரணமாகிவிடும்.

தேடும் முறைக்கு வருவோம். கை வைக்க வேண்டிய முதல் இடம் பைப்லைன் அல்ல. அதை உறுதிசெய்ய, பைப்லைனைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் தண்ணீரிலும் பாத்தியிலும் குற்றமில்லை, மடையில்தான். பிறகு ட்ரிகர் ஓட்டங்களின் பட்டியலுக்குப் போங்கள். பைப்லைன் ஓட்டங்களின் பட்டியல் வேறு, இது வேறு. இதில் ஒரு வரி இருந்தால் ட்ரிகர் கூப்பிட்டிருக்கிறது, கூப்பிட்டும் வேலை நடக்கவில்லை. வரியே இல்லையென்றால் ட்ரிகர் நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது அது காத்திருக்கும் நிகழ்வு அதன் காதுக்கு எட்டவில்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கடைசியாக ஓடிய நேரத்தையும் கடைசியாக ஏற்றிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மீதிப் பாதியும் பெரும்பாலும் தெரிந்துவிடும். தள்ளிப் போட வேண்டாம்: டேட்டா ஃபேக்டரி இந்த ஓட்டக் குறிப்புகளைத் தானாக வைத்திருப்பது 45 நாட்களுக்கு மட்டும்.

எல்லாச் சாவியும் சரி, எல்லாப் பெயரும் சரி, ஆனாலும் கிளம்பாத ட்ரிகர் உண்டு. அதன் விலை என்ன என்பதை இந்தோனேசியா 2018 டிசம்பர் 22 இரவு பார்த்தது. சுந்தா நீரிணையில் அனக் கிராகட்டாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. சுனாமி கரையேறி 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை எழவில்லை. அந்த நாட்டின் எச்சரிக்கை ஏற்பாடு நிலநடுக்கத்தைத் தூண்டலாகக் கொண்டது. அன்றைக்குச் சுனாமியைக் கிளப்பும் அளவுக்கு நிலநடுக்கம் எதுவும் இல்லை. யாரும் எழுதி வைக்காத காரணத்தால் அலை வந்தது.

2004 டிசம்பர் 26ஐப் பார்த்த மரக்காணம் கரைக்கு இது அயலூர்க் கதை அல்ல. அந்தச் சுனாமிக்குப் பிறகுதான் ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல் இயங்கத் தொடங்கியது. நிலநடுக்கமானிகளோடு கடலடி அழுத்தத்தை அளக்கும் மிதவைகளும் இப்படிப்பட்ட மையங்களுக்குத் தேவை. அமெரிக்காவின் டார்ட் மிதவைகளில் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கணித்த நீர்மட்டத்திலிருந்து சுமார் 3 செ.மீ. விலகினால் அவை பரபரப்பாகித் தொடர்ந்து தரவு அனுப்பும். ஒன்றுமே நடக்காத நாட்களிலும் சும்மா இருக்காது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வழக்கமான அளவுகளை அனுப்பும். அந்தச் செய்தி வரவில்லையென்றால் கடல் அமைதியாக இருக்கிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். மிதவை கெட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

பைப்லைனுக்கும் மருந்து இதுவேதான். ‘தோற்றால் சொல்’ என்ற எச்சரிக்கை போதாது. ‘ஒன்பது மணிக்குள் முடிந்தேன் என்று செய்தி வராவிட்டால் சொல்’ என்ற இரண்டாவது எச்சரிக்கை வேண்டும். அதை அதே பைப்லைனுக்குள் வைப்பது வீண். கிளம்பாத வண்டி தான் கிளம்பவில்லை என்று எப்படிச் சொல்லும்? வெளியே, வேறொரு கடிகாரத்தில், வேறொரு கணக்கில் இருக்க வேண்டும். ஏற்றிய ஒவ்வொரு முறையும் ட்ரிகர்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஏற்றுவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தவை அத்தனையும் இப்போதும் ஓடுகின்றனவா என்று ஒப்பிடும் ஒரு சின்னப் படியைச் சேர்ப்பது அரை நாள் வேலை. பலர் செய்வதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மழைமானிக்கு மின்சாரமும் சிக்னலும் மிகவும் தேவைப்படுகிற நாளும் அவை போய்விடுகிற நாளும் ஒன்றே. ஆகவே அடுத்த மழைக்காலத்தில் காலை 8.30 பட்டியலைப் பார்க்கும்போது, உங்கள் ஊருக்கு நேரே எண் இல்லாமல் வெறும் கோடு இருந்தால் ‘அங்கே மழை இல்லை’ என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். கோடு என்பது பூஜ்யம் அல்ல.